இடது பின் சக்கரத்தில் காற்று

பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகியதும் அந்த வாடை வந்தது. லேசான மீன் கவிச்சியும் மருந்துக்கடை நெடியும் கலந்த வாடை. உனக்கு அது ஆகாது. “சோப்பு போட்டுக் கை கழுவாம சோத்துப் பக்கம் வந்துடாதீங்க” என்று அடுப்படியிலிருந்தே சொல்வாய். இன்று யாரும் சொல்லவில்லை. இருந்தும் இரண்டு முறை கழுவினேன்.

காரின் முன்சக்கரங்கள் இரண்டிலும் இன்று காலை பிரேக் பேட் மாற்றினேன். ஆயிலும் கறுத்துப் போயிருந்ததால் பழையதை வடித்துப் புதிது ஊற்றினேன். அப்படிச் செய்தால் குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும், பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிப்பது போல அமுங்கும் என்பது உனக்குத் தெரியும். அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். சக்கரத்தடியில் ஒருவர், பெடலில் ஒருவர். சக்கரத்தடியில் எப்போதும் நான். பெடலில் பதினேழு வருஷம் நீ.

வீட்டிலேயே பிரேக் வேலை பார்ப்பது என் பிடிவாதம். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில் நடந்த எத்தனையோ விபத்துகளைப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். “பிரேக் பிடிக்காததால்” என்ற சொல்லை ஒவ்வொரு செய்தியிலும் போலீஸ்காரர் சொன்னபடி எழுதிவிட்டு, அது உண்மைதானா என்று வண்டியைக் குனிந்து பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. அடுத்தவர் கையில் அதை விட எனக்கு மனம் வரவில்லை.

முறை உனக்கு மனப்பாடம். நான் “அமுக்கு” என்பேன். மூன்று தடவை மிதிப்பாய். “பிடி” என்பேன். மிதித்தபடி காலை ஊன்றி, “புடிச்சிருக்கேன்” என்பாய். நான் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நிப்பிளை ஸ்பேனரால் கால் திருகு தளர்த்துவேன். அதில் மாட்டிய ஒரு சாண் குழாயின் வழியே ஆயிலும் குமிழியும் புட்டிக்குள் விழும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் “விடு” என்பேன். அதற்குள் கால் எழுந்தால் வெளியே வந்த ஆயில் திரும்பி ஏறும், கூடவே காற்றும் ஏறும். மறுபடி முதலிலிருந்து.

“அமுக்கு, பிடி, விடுன்னு தெருவே கேக்குற மாதிரி கத்துறீங்க. பிரசவ வார்டுன்னு நெனச்சு எவனாவது துண்டு துணியோட வந்து நிக்கப் போறான்” என்று ஒரு தடவை சொன்னாய். நான் சக்கரத்தடியில் சிரித்துச் சிரித்து ஸ்பேனரை நழுவவிட்டேன்.

இந்த மடலில் நான் தேடுவது ஒரு தேதியை.

திருச்சியில் அந்த நரம்பு மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “கால் பலவீனமா இருக்குன்னு முதல்ல எப்ப கவனிச்சீங்க?” நான் யோசிக்காமல் சொன்னேன், “தீபாவளிக்கு மறுநாள், டாக்டர். வாசப்படியில கால் தடுக்கி விழுந்தாங்க.” அவர் அதைக் கோப்பில் எழுதினார். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முப்பத்தோரு வருஷம் செய்தி எழுதியவன், தேதியில் தவறு விடாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். என் சொல்லை அவரும் சந்தேகப்படவில்லை. நீ மறுக்கவும் இல்லை.

அந்த வருஷத்து ஆடி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

அன்றும் இதே வேலை, காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். காற்று எடுக்கும்போது தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும், அதாவது இடது பின் சக்கரம். முதல் மூன்று தடவை ஒழுங்காக நடந்தது. அதன் பிறகு குமிழி நிற்கவே இல்லை. குழாயில் இறங்கிய ஆயில் என் கண் முன்னே திரும்பி ஏறியது.

“எடுக்காதன்னு சொன்னேன்ல!”

“எடுக்கலங்க. புடிச்சித்தான் இருக்கேன்.”

“அப்ப காத்து எப்படி உள்ள போவுது?”

“எனக்கென்ன தெரியும்? உங்க வண்டியக் கேளுங்க.”

இன்னும் ஏழெட்டுத் தடவை முயன்றோம். வெயில் ஏறியது. நான் படுத்தபடியே கத்தினேன். “ஒரு கால வச்சு ஒரு நிமிஷம் புடிக்க முடியல உனக்கு. அக்கறையே இல்ல!”

மேலிருந்து, “அக்கறை இல்லாமயா இந்த வெயில்ல உக்காந்திருக்கேன்” என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போன குரல். களைப்பு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை, அலட்சியம் என்று தோன்றியது.

மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம் அது. மறுநாள் பெரம்பலூர் போய்ப் புதிது வாங்கி வந்தேன். அடுத்த ஞாயிறு அதை மாட்டினேன். காற்று எடுக்க உன்னைக் கூப்பிட்டபோது, “எனக்கு ஜாக்கெட் ஆர்டர் குவிஞ்சு கெடக்குங்க. முருகேசன் தம்பிய வரச் சொல்லுங்களேன்” என்றாய். அடுத்த வீட்டு முருகேசன், ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்குக் கல் லாரி ஓட்டுபவர், வந்து மிதித்தார். கால் மணி நேரத்தில் நான்கு சக்கரமும் முடிந்தது. பெடல் கல்லாக நின்றது. உள்ளே வந்து உன்னிடம் ஜெயித்த குரலில் சொன்னேன், “பாத்தியா? சிலிண்டர்தான் போயிருக்கு.”

“அப்பாடா” என்றாய் நீ, தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல்.

நான் இரண்டை ஒரே நேரத்தில் மாற்றியிருந்தேன். பாகத்தையும் மாற்றினேன், மிதிக்கும் காலையும் மாற்றினேன். இரண்டில் எதனால் சரியாயிற்று என்று கேட்கவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த நிருபர் எவராவது இப்படி ஒரு காரணத்தை எழுதிக் கொடுத்திருந்தால் தாளைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்திருப்பேன். அந்தத் தையல் மெஷினுக்கு மிதிபலகையை விட்டுவிட்டு மோட்டார் வைக்க நீ சொன்னதும் அதே ஆடி மாதம்தான். தீபாவளித் தையலுக்கு வேகம் வேண்டும் என்றாய். கேட்டதும் வாங்கிக் கொடுத்த நல்ல புருஷன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். வலது பாதம், இடது கால், கைகள். மாதம் ஒரு முறை கீழப்பழுவூர் வழியாகத் திருச்சிக்குப் போய் வந்தோம். எதிரே லாரி வந்தால் உன் பக்கமும் ஒரு பிரேக் இருப்பது போலக் காலை ஊன்றுகிற பழக்கம் உனக்கு. நான்காவது பயணத்திலோ ஐந்தாவதிலோ அது நின்றது. லாரி வரும்போது நீ கண்ணை மட்டும் மூடிக்கொண்டாய். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்துபோகும் நோய், மருந்து கிடையாது என்று மருத்துவர் சொன்னார். பிறகு குரலும் போயிற்று. இரண்டாவது மாசியில் மூச்சும்.

ஒரு தடவை உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய் மருத்துவரிடம் கேட்டேன், முன்னாலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா என்று. “நாலு மாசம் முன்னாடி வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் சார். மனச அலட்டிக்காதீங்க” என்றார். நல்ல மனிதர். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

இன்று காலைக்கு வருகிறேன். தனியாகக் காற்று எடுக்க முயன்றேன். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் நிப்பிளைத் திறந்தேன். கட்டை சரிந்து விழுந்தது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து முருகேசன் பார்த்துவிட்டார்.

“என்ன சார், ஒத்தையில கபடி ஆடுறீங்க? கூப்புட்டா வர மாட்டனா?”

வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி சித்ரா மதிலில் கை ஊன்றி நின்றுகொண்டாள். நான் சக்கரத்தடியில் படுத்தேன். “பிடி” என்றேன்.

“புடிச்சாச்சு சார்!” ஆயில் புட்டிக்குள் பாய்ந்தது. ஒரு குமிழி கூடத் திரும்பி ஏறவில்லை.

“இவரு காலு லாரிக் காலு” என்றாள் சித்ரா. “பாவம், அக்காவத்தான் போட்டு மிதி மிதின்னு வாங்குனீங்க. அன்னிக்கு அக்கா ரெண்டு கையாலயும் முட்டியப் புடிச்சு அழுத்திக்கிட்டுல்ல உக்காந்திருந்தாங்க. அப்பறம் எடது காலயும் தூக்கி அது மேல வச்சாங்க. அப்பவும் நழுவிக்கிட்டேதான் இருந்துச்சு.”

நான் சக்கரத்தடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. “என்னிக்கு?” என்று கேட்டேன்.

“அதான் சார், நீங்க கத்துனீங்களே. ஆடிக் கடைசி ஞாயித்துக் கெழம. நான் எங்க கொலதெய்வத்துக்குப் படைக்கக் கெளம்பிட்டு இருந்தேன். என்னக்கா கால்ல சுளுக்கான்னு கேட்டேன். வாயில வெரல வச்சு, சொல்லாதன்னு கையக் காட்டுனாங்க. கண்ணு வேற அடிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.” பிறகு குரல் தணிந்தது. “உங்களுக்குத் தெரியும்னுல்ல சார் நெனச்சேன் இத்தன நாளா.”

முருகேசன் அவளை அதட்டினார். “உள்ள போய் வேலயப் பாரு.” அவள் போகவில்லை. அழவும் இல்லை. பிறகு மற்ற மூன்று சக்கரங்களையும் முடித்தோம். பாதியில் விடக்கூடிய வேலை இல்லை அது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? பயந்தாயா? தைப்பதைக் கெடுத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவேன் என்று நினைத்தாயா? தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தாயா? பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் ஊகத்தை எழுதக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. எழுதவில்லை. ஆனால் நான் கேட்கவில்லை என்பது ஊகம் இல்லை. விபத்து நடந்த இடத்தில் முன்பின் தெரியாத கிளீனரிடம், “தம்பி, உனக்கு எங்கயாவது வலிக்குதா?” என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டைத் திறப்பேன். உன்னிடம் சிலிண்டரைப் பற்றிப் பேசினேன்.

முருகேசன் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். அவர் ஓட்ட, நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பினோம். வேகத்தடைக்கு முன்னால் மிதித்தார். வண்டி நூல் பிடித்தது போல நின்றது.

“ஏ ஒன்னா இருக்கு சார். எங்க கெளம்புறீங்க?”

“எங்கயும் இல்ல முருகேசன்.”

இடது சீட்டிலிருந்து பார்த்தால் ஓட்டுபவரின் முழங்கால் நன்றாகத் தெரிகிறது. சும்மா திரும்பினாலே போதும். அன்று நான் ஒரே ஒரு தடவை எழுந்து வந்து கதவருகே நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உன் கோப்பை எடுத்தேன். முதல் பக்கத்தில் தீபாவளி என்று இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி யாரிடமும் போகப் போவதில்லை. தேதி எதுவானாலும் முடிவு மாறாது என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். நான் பத்திரிகையில் போட்ட திருத்தங்கள் எல்லாம் மறுநாள் அவற்றைப் படிக்க ஆள் இருந்ததால் போட்டவை. இதைப் படிக்க வேண்டியவள் நீ. அதனால் இது எனக்குள்ளேயேதான் இருக்கும், சரியான விவரத்தோடு: ஆடி மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்தே கால் மணி, இடது பின் சக்கரம், நான்காவது மிதி.