கரி மூட்டத்தில் எடுத்த ரத்தம்

சித்திரை 4, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். பாளையம்பட்டியிலிருந்து பஸ், அப்புறம் இரண்டு கிலோமீட்டர் நடை. ஐஸ் பெட்டி, ஊசி, விவரம் தட்டுகிற டேப்லெட். குடை மறந்தாச்சு.

வெயிலிலும் நெருப்பிலும் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறதா என்று அரசாங்கப் பணத்தில் ஆராய்ச்சி. ரத்தம் எடுப்பதும் விவரம் பதிவதும் நான். இன்று பதினொரு பேர். அத்தனையும் ஆண்கள்.

கடைசியில் பேச்சியம்மாள் என்று ஒருவர். நாற்பது வயதிருக்கும். கால் வீக்கம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேலைக்கு அவுகதேன் போறாக. நான் வீட்டுலதேன்."

சொல்லும்போதே நகக்கண்ணெல்லாம் கரி. இந்தப் பக்கம் கருவேலத்தை வெட்டி, மண்ணால் மூடி எரிக்கிற மூட்டம் போட்டுக் கரி எடுப்பதில் பாதிக்கு மேல் பெண்கள்தான். ஆனால் சொன்னதைத்தான் பதிய வேண்டும். 'இல்லத்தரசி' என்று தட்டினேன். 'தகுதி இல்லை, நன்றி' என்று டேப் மூடிக்கொண்டது. எரிச்சல். அவர் மேல், டேப் மேல், என் மேல்.

சித்திரை 5, செவ்வாய்

ஆபீசிலிருந்து சார் போன். "பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. நீங்க ஒருத்தரைக்கூடச் சேர்க்கலையே?"

'என்ன வேலை' என்கிற கேள்வியை மாற்றுங்கள் என்றேன். மேலிடத்தில் ஒப்புதலான கேள்வியாம், தொடக்கூடாதாம். "கோலப்போட்டி வச்சுப் பாருங்க மேடம், வருவாங்க."

கோலப்போட்டி! வாயில் நன்றாக வந்துவிடும் போலிருந்தது.

வாங்க: பஞ்சு, அம்மாவுக்குத் தைலம்.

சித்திரை 7, வியாழன்

மூட்டத்துக்கே போனேன். புகை, கண்ணில் நீர். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுப் பேச்சியம்மாள் கரி வாரிக்கொண்டிருந்தார். வேலை என்னவென்று கேட்கவில்லை. "நேத்து விடிஞ்சதுலருந்து என்ன செஞ்சீக?"

"அஞ்சு மணிக்கு மூட்டம் பிரிச்சோம். மண்ணைத் தள்ளி, கரியை இழுத்து, தண்ணி தெளிச்சு, மூடை கட்டி, மத்தியானம் லோடு ஏத்துனோம்."

"குடிக்கத் தண்ணி?"

"குடிச்சா ஒதுங்கணும்ல. இங்க மறைவு எங்க இருக்கு?"

சொன்னதையே பதிந்தேன். கரி வேலை. டேப் வழிவிட்டது. ரத்தம் எடுத்தேன். இதற்கு நான்கு நாள்! கூட வேலை செய்த நால்வரும் ஊசியைப் பார்த்ததும் ஓட்டம். "நான் பேசிக் கூட்டியாரேன்" என்றார் பேச்சியம்மாள்.

சித்திரை 12, செவ்வாய்

முடிவு வந்தது. பேச்சியம்மாளின் சிறுநீரகம் பாதிகூட வேலை செய்யவில்லை. உடனே கூட்டி வரச் சொல்கிறார் டாக்டர்.

ஆபீஸ் வாட்ஸப்பில்: 'முதல் பெண் சேர்ந்தாச்சு! வாழ்த்துகள்!' கீழே கைதட்டும் படங்கள். போனைக் கட்டிலில் எறிந்தேன். அழுகையும் வந்தது.

சித்திரை 13, புதன்

மூட்டம். பேச்சியம்மாள் அந்த நால்வரையும் கை கழுவ வைத்து வரிசையாக உட்கார வைத்திருந்தார். ஒரு விஷயம், கொஞ்சம் தனியாக வாங்க என்றேன்.

"இங்கனயே சொல்லுங்க மேடம். எனக்கு ஒண்ணுமில்லைன்னு இவுக காதுல விழுந்தாத்தேன் பயப்படாமக் கை நீட்டுவாக."