முதலிடம் பிடித்த தெரு

மார்ச் 3

அன்புள்ள மேடத்துக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை மூண்டுவிடுகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, வெளியூரில் வேலை பார்க்கிற பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உன் ஆபீஸ் நம் மாநகராட்சிக்குச் செய்து கொடுத்த விளையாட்டைக் கைபேசியில் இறக்கிவிட்டேன். அதில் என் பெயர் 'தூங்குமூஞ்சி'. நீ வைத்த பெயர்தான், மாற்ற மனசு வரவில்லை. வாசலில் தெருவிளக்கு எரியவில்லை என்று ஜன்னலிலிருந்தே படம் எடுத்துப் போட்டேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள், அந்த வாரமே ஏணியோடு ஆள் வந்துவிட்டான். எத்தனை மனு எழுதியிருப்போம், நினைத்துப் பார்.

தினமும் சாயங்காலம் அது கேள்வி கேட்கிறது. பூங்காவுக்குப் போனீர்களா, பஸ்ஸில் ஏறினீர்களா, அக்கம்பக்கத்தில் யாரோடாவது பேசினீர்களா? கேள்விகள் நீ எழுதியவை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அதே அதட்டல். ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் விடுவதில்லை.

வீட்டுப் படம் வரைந்து கொடுக்கும் வேலை நிறைய வருகிறது. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
தூங்குமூஞ்சி

மார்ச் 19

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான்.

ஒரு நல்ல செய்தி. எந்தத் தெருவில் ஜனங்கள் வெளியே வந்து ஒருவரோடொருவர் பழகுகிறார்கள் என்று விளையாட்டில் வருகிற பதில்களை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறோம். நம் தெருதான் முதலிடம்! "உங்க தெருக்காரங்க கலக்குறாங்க மேடம்" என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் பதில்களையும் எடுத்துப் பார்த்தேன். தினம் பூங்கா, தினம் நாலு பேரோடு அரட்டை. நான் இருந்தவரை வாசற்படி தாண்டாத மனுஷன்! கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இங்கே என் அறையில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசுகிறது.

நீங்கள் வா என்றால் வந்துவிடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள்
மேடம்

மார்ச் 26

அன்புள்ள மேடத்துக்கு,

தாராளமாக இரு. எனக்கென்ன குறை? தெருவே கலகலவென்று இருக்கிறது, உன் கணக்கே சொல்கிறதே. முதலிடம் என்று நீ எழுதியிருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டிவி சத்தத்துக்கு நீ திட்டுவாயே, இப்போது எல்லா அறைக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடு.

உன்
தூங்குமூஞ்சி

ஏப்ரல் 20

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

உங்கள் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி மாற்ற முடியாது.

நேற்று பொய்ப் பதில்களைச் சலித்தெடுக்கிற வேலை. பதில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதும் கூடவே பதிவாகும், அது உங்களுக்குத் தெரியாது. என்னோடு வேலை பார்க்கிற பெண் திரையைக் காட்டி, "என்ன மேடம் இது, தெரு பூரா விளையாடுறது ஒரே ஆளு! பூங்கா, பஸ், அரட்டை எல்லாமே அவர் வீட்டுக்குள்ளயே நடக்குது" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீங்கள் வீட்டை விட்டு இறங்கவே இல்லை. யாரோடும் பேசவும் இல்லை. என் வேலை ஜெயிக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டிருக்கிறீர்கள். நானோ அந்த 'ஆம்' எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, நான் இல்லாமலே உங்களுக்கு நன்றாகத்தான் ஓடுகிறது என்று முடிவு கட்டினேன். கோபம் கோபமாக வருகிறது. நான் கேட்டபோது வா என்று எழுதியிருந்தால் ஓடி வந்திருப்பேனே!

உங்கள் பதில்களை நானேதான் அழித்தேன். மேலதிகாரியிடம் காரணத்தையும் சொல்லிவிட்டேன். நம் தெரு இப்போது கடைசி.

இனிமேல் கடிதம் வேண்டாம். கடிதத்தில் உங்களுக்குப் பொய் நன்றாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன், டிவியை நிறுத்திவிட்டு எடுங்கள். மூன்றாவது நிமிடம் சண்டை வந்தால் வரட்டும். போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
மேடம்