துரைக்குப் பக்கத்தில் காலி இடம்

ரெங்கம், ஜொகூர்.

என் ராசாத்தி ரூபினிக்கு, பாட்டி காளியம்மா ஆசையோடு எழுதுவது.

நல்ல சேதியெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. உன் தம்பி ரூபேந்திரனுக்குச் சிங்கப்பூர் பேக்டரியில் சூப்பர்வைசர் வேலை கொடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் லெட்சுமணன் கூலாயில் சொந்தமாக ஏர்கான் கடை போட்டுவிட்டான். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டியது நான்தான்! உன் தங்கச்சி லோஷினி எஸ்.பி.எம். பரீட்சையில் தமிழுக்கும் சரித்திரத்துக்கும் ஏ பிளஸ். இவர்களுக்கெல்லாம் மேலே, அமெரிக்காவில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற நீ. கோயிலில் யாரைப் பார்த்தாலும் உன் பேச்சைத்தான் முதலில் எடுப்பேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. தீபாவளிக்கு நீ உன் படத்தையும், நீ ஆராய்ச்சி செய்கிற அந்தக் காலத்து அமெரிக்க வக்கீல் பெல்டன் துரை படத்தையும் ஒரே உறையில் அனுப்பினாய் அல்லவா? இரண்டையும் பிரேம் போடச் சொல்லி ரூபேந்திரன் குளுவாங் கடையில் கொடுத்தான். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, கல்யாண ஜோடி மாதிரி ஒரே பிரேமில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் தங்கப் பூ போட்டுக் கொடுத்துவிட்டார்! பக்கத்து வீட்டு ஐயாசாமி சம்சாரம் வந்து பார்த்துவிட்டு, "அலமாக், மாப்பிள்ளைக்குத் தாடி நரைச்சிருக்கே லா! ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா"ன்னு கோபித்துக்கொண்டது. அவர் செத்து நூறு வருசத்துக்கு மேல் ஆச்சு என்றேன். உடனே அது மனசு உருகி, கோயிலிலிருந்து மாலை வாங்கி வந்து பிரேமுக்கே போட்டுவிட்டது. உன் படத்துக்கும் சேர்த்து! எனக்கு உயிரே போய்விட்டது. மாலையைக் கழற்றி, உன் படத்தை வெளியே எடுத்துச் சாமி மேடையில் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஐயாசாமி சம்சாரத்துக்கும் துரை மேல் ஒரே பைத்தியம். நீ எழுதி அனுப்பியதை லோஷினி போனில் பார்த்துத் தமிழில் சொல்வாள், நாங்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்போம். செருப்புத் தைக்கிறவர் மகன், வக்கீல் ஆபிசைக் கூட்டிக்கொண்டே அங்கிருந்த புத்தகத்தைப் படித்து வக்கீலானாராமே! தப்பி ஓடிவந்த அடிமைகளுக்குக் காசு வாங்காமல் கோர்ட்டில் வாதாடினாராமே! தேர்தலில் நின்று தோற்று, மறுபடியும் தோற்று, அதற்கப்புறம் ஜெயித்து, காங்கிரஸ் என்கிற அந்த ஊர் பார்லிமென்டுக்குப் போனார் என்று கேட்டதும் நான் கைதட்டிவிட்டேன். உன் அப்பா அர்ச்சுனன், "ஏம்மா, நம்ம தொகுதியா?"ன்னு சிரித்தான். அங்கே போயும் வாயை மூடாமல் அடிமைகளுக்காகவே பேசினார். சொந்தக் கட்சிக்காரனே திட்டினான். அடுத்த தேர்தலில் தோற்று, ரயிலில் ஊருக்கு வந்து இறங்குகிறார். அழைத்துப் போக ஒருத்தர்கூட வரவில்லை.

அதோடு நிறுத்திவிட்டாய். "தொரை எறங்கி எங்கக்கா போனாரு?"ன்னு ஐயாசாமி சம்சாரம் தினமும் கேட்கிறது. நான் என்ன சொல்ல?

உன் எழுத்தைப் புரொபசர்கள் திருத்தச் சொல்லித் திருப்பிவிட்டார்கள், நீ படிப்பையே விடப் போகிறாய் என்று லோஷினி உளறிவிட்டாள். அவளைத் திட்டாதே. குறை சொல்கிற படிப்பு அவர்களுக்கு இருக்கிறது. அஞ்சாம் வகுப்பு படித்த எனக்கு ஒன்றுதான் தெரியும். நம் ரெங்கம் ஸ்டேஷன் மாதிரி ஏதோ ஒரு ஸ்டேஷனில் அந்த மனுசன் பெட்டியோடு தனியாக நிற்கிறார். இவ்வளவு தூரம் கூட்டி வந்தவள் நீ. வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு கண்ணு.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே போகாதே. முருகன் உன் பக்கத்திலேயே இருப்பான்.

பிரேமில் துரைக்குப் பக்கத்து இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன். எழுதி முடித்ததும், அந்தப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக ஒரு புதுப் படம் எடு. போனில் வேண்டாம், தபாலில் போடு.

உன் பாட்டி,
காளியம்மா