நானூற்று ஐம்பது மைல்

கொழும்பு
1 ஜூன் 1938

அன்புள்ள ராபியாவுக்கு ஸலாம். நான் நலம். நீயும் மகள் முனவ்வராவும் நலமாயிருக்க துஆ.

அருவங்காட்டு பாக்டரி குமாஸ்தா சுபுஹானுக்கு மகளைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். என் கடைக் கூட்டாளிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்தெட்டு, முதல் தாரம் மவுத்தாகிவிட்டது. ஆனால் மூன்று கடை இருக்கிறது. நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுக்கும் வலிகாரன் தகப்பன்தானே? நான் இல்லாமல் எவன் கொடுப்பான்?

28ஆம் தேதி வருகிறேன். முன்போலக் கப்பலுக்குக் காத்துக் கிடக்க வேண்டாம். இப்போது திருச்சிக்கு ஆகாய விமானம் போகிறது. இரண்டே கால் மணி நேரம்! நீ சோறாக்கி முடிப்பதற்குள் கடலைத் தாண்டிவிடுவேன்.

ஹபீப் முகமது


குன்னூர்
7 ஜூன் 1938

என் மச்சான் அவர்களுக்கு ராபியா எழுதிக்கொண்டது. ஸலாம்.

கடிதத்தை முனவ்வராவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். சின்னப் பெண், விடுங்கள்.

விமானச் செய்தி கேட்டு கடைவீதியே வாய் பிளக்கிறது. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. “ஏனுங்கம்மா, கொழும்பு எத்தனை மைலுன்னு உங்க ஊட்டுக்காரரையே எழுதச் சொல்லுங்க” என்கிறார். உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். நான் சொன்னால் பொம்பளைப் பேச்சு என்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பே இந்த விமானம் வந்திருக்கக் கூடாதா? நம் மகன் பஷீர் ஆறு நாள் காய்ச்சலில் ‘அத்தா, அத்தா’ என்றே கிடந்தான். இரண்டு தந்தி அடித்தேன். ‘தூரம் அதிகம், வர இயலாது’ என்று ஒரு பதில் வந்தது. சரி, அதை இப்போது பேசுவானேன்.

ராபியா


கொழும்பு
12 ஜூன் 1938

ராபியாவுக்கு ஸலாம்.

ஹஜ்ரத்திடம் காட்டு. கொழும்பிலிருந்து திருச்சி வழியாகக் குன்னூர் நானூற்று ஐம்பது மைல். அதில் இருநூற்று எழுபது மைல் வானத்தில். இங்குள்ள பெரிய முதலாளிகளிலேயே எத்தனை பேர் பறந்திருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கச் சொல்!

பஷீர் விஷயம் விதி. கிளறாதே. கல்யாண ஜவுளி நானே கொண்டுவருகிறேன்.

ஹபீப் முகமது


குன்னூர்
18 ஜூன் 1938

ஹபீப் முகமது அவர்களுக்கு ஸலாம்.

நேற்று ஜும்மாவுக்குப் பிறகு முனவ்வராவுக்கும் சுபுஹானுக்கும் நிக்காஹ் முடிந்தது. மகளின் சம்மதத்தைக் கேட்டு, காஜியே வலிகாரராக இருந்து கொடுத்தார்.

எப்படி என்று குதிப்பீர்கள். தகப்பன் இரண்டு நாள் பயணத் தூரத்துக்கு அப்பால் இருந்தால், அவர் இடத்தில் காஜி நிற்க நம் ஷாபி சட்டத்தில் வழி இருக்கிறது. ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் நம்பவில்லை என்று எழுதியது பொய். தூரத்துக்குச் சாட்சியாக உங்கள் கையெழுத்து வேண்டியிருந்தது.

“விமானத்துல ரெண்டே கால் மணி நேரமாமுங்க” என்று ஒருவர் இழுத்தார். “பறக்கறவங்களுக்குத் தனிச் சட்டமுங்களா? மைலைப் பாருங்க” என்றார் காஜி. நடைப் பயணத்தைத்தான் சட்டக் கிதாபில் கணக்கு வைத்திருக்கிறார்களாம்; இரண்டு நாள் நடை என்றால் ஐம்பது மைல் சொச்சம்தானாம்.

பிள்ளை சாகக் கிடந்தபோது தூரம் உங்களுக்கு உதவியது. இப்போது எனக்கு உதவியிருக்கிறது. மூன்று வருடமாக உங்களை எதில் அடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டேன். நெஞ்சு குளிர்ந்திருக்கிறது. கூட்டாளியிடம் என்ன சொல்வீர்களோ, அது உங்கள் பாடு.

வருவதானால் வாருங்கள். முனவ்வரா புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை வருடமும் என் கடிதங்களில் ‘மகள் ஸலாம் சொன்னாள்’ என்று எழுதிவந்தேன் அல்லவா? அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ராபியா