சிட்டுக்குச் சாமி வந்தது

ஆடி மூன்றாம் வெள்ளி. அனல் காற்று.

…அதை நான் ஒருத்தியா சொன்னேன், நீயே சொல் தாயே? பம்பைச் சத்தம் கேட்டதும் நம் நாய்க்குட்டி சிட்டு துள்ளி ஓடியது. உன் கோயில் வாசலில் நாலு காலும் விறைத்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்தது. போன வெள்ளியும் இதேதான். நெஞ்சில் கை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓர் அதிர்வு, மிக்ஸி ஓடுகிற மாதிரி.

சரி, சாமி வந்திருக்கிறது என்று முதலில் சொன்னது நான்தான். குங்குமம் வைத்ததும் நான்தான்.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். "ஆத்தா, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம்?"

சிட்டு கொட்டாவி விட்டது.

"தையிலன்னு சொல்லுதுடி" என்றேன்.

கூழ் ஒரு குண்டான் மிச்சம்.

சனி. அதே வெயில்.

மருமகள் ரேவதி வேலைக்கு லீவு. "சாமி வந்தா இப்படியா அத்தை மூச்சு வாங்கும்?" குட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். நானும் கூடவே, என் வாயோடு.

டாக்டரம்மா குழாய் வைத்துக் கேட்டார். பிறகு நெற்றியைப் பார்த்தார். "யாருங்க குங்குமம் வெச்சது?"

நான் சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

பிறவிக் கோளாறாம். தாய் வயிற்றில் இருக்கும்போது இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் திறந்திருக்குமாம். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டும். சிட்டுக்கு மூடவில்லை. அந்தக் கிர்ர், ரத்தம் தப்பு வழியில் பாய்கிற சத்தம். சென்னையில் ஆபரேஷன் செய்தால் பிழைக்கும்.

"அதுவரைக்கும் ஓட விடாதீங்க. மேளம் கீளம் பக்கமே வேணாம். ஒரு தடவ விழுந்தது எழுந்திரிக்காமலே போயிடும்."

பம்பைக்காரரிடம், "இன்னும் வேகமா அடிங்க" என்று கேட்டேனே.

ஞாயிறு. காற்றே இல்லை.

நாளை விடியற்காலை சென்னை பஸ். பழைய புடவை, பால், பிஸ்கட், டாக்டரம்மா சீட்டு.

குழாயடியில் பச்சையம்மா: "யக்கா, உங்க சாமிக்கு ஹார்ட்டு சரியில்லையாமே?" எல்லோரும் சிரித்தார்கள். நான் குடத்தைப் பாதியோடு தூக்கி வந்துவிட்டேன்.

சிட்டு மடியில் தூங்குகிறது. குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தேன். கோபமென்றால் என்மேல் காட்டு தாயே, இதன்மேல் வேண்டாம்.

கூடப் பிறந்த குட்டிகளுக்கும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. எல்லாம் செத்துப்போச்சுங்க என்றேன்.

இல்லை. ஒன்று இருக்கிறது, இப்போதுதான் நினைவு வருகிறது. உப்பளத்து ஏழுமலை தூக்கிப் போனது. வெள்ளிக்கிழமை கூழ் வாங்க வந்தபோது சொன்னானே, "யக்கா, எங்க குட்டிக்கும் சாமி வருதுக்கா." பூரித்துப்போய்க் குங்குமம் மடித்துக் கொடுத்தேன். உங்கள் தெருவில் கூழ் ஊற்றும்போது பம்பைக்கு முன்னால் நிறுத்து என்றேன்.

அவர்கள் தெருவில் கூழ் ஞாயிற்றுக்கிழமை.