சாமிக்காகத் தள்ளிப்போடும் மாத்திரை

அன்புள்ள அக்கா,

நேற்று ஏ.ஆர்.டி. மையத்துப் பெஞ்சில் இருந்தவர்கள்: எச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் போன நான், நர்ஸம்மா, புதிதாகச் சிகிச்சைக்கு வரும் ஒரு பெண். உங்கள் இடத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். பையைத் திறந்தபோது ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் அதே அட்டை.

“திருவிழாவுக்கா?” என்றேன். இல்லையென்று தலையாட்டினாள். உங்களைப் போலவே பிள்ளை வராமலிருக்கத்தான் என்று புரிந்துவிட்டது.

குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு வாங்கியதை, தேர் நிலைக்கு வந்த பிறகும் நீங்கள் விடவில்லையே! “முருகனுக்குப் போட்டது நமக்கும் ஆகட்டுமே. தூரமே வரலைன்னா புள்ள எங்குட்டு வரும்?” என்றீர்கள். நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

“அக்கா, நாளத் தள்ளுறது வேற, கருவத் தடுக்கிறது வேற. நம்ம மருந்துல சிலது கருத்தடை மாத்திரையோட வேலையவே கெடுத்துரும். கேக்காமப் போடாதீக. காப்பர்-டி வச்சுக்கங்க, ஆணுறையையும் விட்டுறாதீக.”

“அத எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லுங்க தாயி,” என்றீர்கள். நான் சுவரைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பினீர்கள். “உப்பு புளிக்கெல்லாம் கணக்கு எழுதுறவ, ஒடம்புக் கணக்கக் கேக்க வெக்கப்படுறியே! கேட்டா நாக்கா தேஞ்சுரும்?”

அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தவள்தான். அத்தனை சிறிய செம்புக் கம்பி எப்படிக் கருவைத் தடுக்கிறது, ஒரு மாத்திரை இன்னொன்றை ஏன் வீணாக்குகிறது என்று இன்னும் கேட்கிறேன். நர்ஸம்மா என்னைக் கண்டாலே சிரிக்கிறார்.

நீங்கள் காப்பர்-டி வைத்துக்கொண்டீர்கள். மருந்து கிருமியை அடக்கி வைத்திருந்தால், தொற்றில்லாத பிள்ளை பெற வழியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒருநாள், “எடுத்துறலாமான்னு பாக்குறேன்,” என்று சிரித்தீர்கள். பிள்ளைக்காகவா என்று அடுத்த முறை கேட்கலாமென்றிருந்தேன். அதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாமியா புள்ள புள்ளங்குறாக. எனக்கு மொத ஒடம்பு தேறணும்க்கா. காப்பர்-டி வச்சா அப்புறம் வழியே அடைஞ்சுருமோ?”

எடுத்த பிறகு கருத்தரிக்கலாம் என்று நர்ஸம்மா சொல்லித்தான் பார்த்தார். “வச்சு எடுத்தவுக யாராச்சும் இருக்காகளா?” என்று அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“கேட்டுச் சொல்றேன்,” என்று வாயில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை முடிவு சொல்ல வருகிறாள். அக்கா, எடுத்தீர்களா? பிள்ளை வேண்டுமென்றுதான் நினைத்தீர்களா? விளக்கேற்றி வைத்துக் கேட்கிறேன். கனவிலாவது வந்து, திங்களுக்குள் பதில் சொல்லுங்கள்.