அலசிக் கொண்டுபோன அமலை

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டு அந்த வாடை போகவில்லை. ஊறிய வைக்கோலும் நத்தையும் சேறும் கலந்த, அமலை வேரின் வாடை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன், சோற்றில் கை வைக்காமல் கையை முகர்ந்துகொண்டே இருந்துவிட்டேன். நீர் எங்களை விட்டுப் போன பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவையாக, உம்முடைய வெள்ளைப் பேசினில் நான் தனியாக வேரை உதறினேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மடையைச் சரிசெய்து தாருங்கள், கால்வாயில் தண்ணீர் விடுங்கள் என்று மனு எழுதிய கைதான் இது. ஆனாலும் எழுதுகிறேன். உம்முடைய ஒரு வருஷ வேலையில் ஒரு மாசத்தைப் பாழாக்கியவன் நான். நீர் இருக்கும்போது அதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்லை. கேலி பேசியே நாளைக் கடத்திவிட்டேன்.

நீர் முதன்முதலில் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில், முன்னால் ஒரு பேசின், பின்னால் ஒரு வாளி, கழுத்தில் பூதக்கண்ணாடி. குளத்தங்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, எங்கள் குளத்தை மூடிக்கிடந்த ஆகாயத்தாமரையை, எங்கள் பாஷையில் அமலையை, கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றீர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடைவாயை அடைத்து, கடைசி வயலுக்குத் தண்ணீர் போகவிடாமல் எங்களை அலைக்கழிக்கிற சனியன் அது. அதைப் பார்க்க ஒருவர் பெட்ரோல் போட்டு வருகிறாரே என்று இருந்தது.

"என்ன வே, இந்தச் சனியன்ல என்னத்த தேடுதீரு?" என்று கேட்டேன். பாசன சங்கத்துக்காரன் என்கிற மிதப்பு வேறு.

நீர் கோபப்படவில்லை. ஒரு செடியைப் பேசினில் வைத்து உதறி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர். கறுத்த தாடி மாதிரி தொங்கிய அந்த வேரிலிருந்து என்னென்னவோ இறங்கின. மிளகு அளவில் நத்தைகள். கண்ணாடி மாதிரி உடம்புக்குள் எல்லாம் தெரிகிற கூனி இறால். நூல் துண்டு மாதிரி நெளிகிற சிவப்புப் புழு. முகத்தைச் சுளித்துக்கொண்டு நடக்கிற ஒன்றைக் காட்டி, இதுதான் தட்டான் பூச்சியுடைய பிள்ளைப் பருவம் என்றீர். அறுபது வருஷம் அந்தக் கரையில் தட்டான் பார்த்தவன் நான். அது தண்ணீருக்குள் பிறந்து வளருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

"செடிதான் வெளியூர்லருந்து வந்தது அண்ணாச்சி. குடியிருக்கது எல்லாம் நம்ம ஊர்க்காரங்க" என்றீர்.

"அப்ப எடுக்கக் கூடாதுங்கீரா?"

"எடுக்கத்தான் வேணும். யாரு யாரு குடியிருக்காங்கன்னு தெரிஞ்சிட்டு எடுக்கணும்."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் உம்மை எனக்குப் பிடித்தது. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, பத்து இடத்தில் பத்துச் செடி எடுத்து, வேரில் குடியிருக்கிறவர்களை ஒரு வருஷத்துக்கு எண்ணுவதாகச் சொன்னீர். நீர் தண்ணீரில் நின்று செடி எடுப்பீர். நான் கரையில் மருத மரத்தடியில் இருந்து வெற்றிலை போடுவேன். செடி பேசினுக்கு வந்த பிறகுதான் பக்கத்தில் வருவேன். எண்ணும்போது சர்ச்சில் பாடுகிற ஞானப்பாட்டு ஒன்றை முனகுவீர். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கணக்கு விட்டுப்போகும். மறுபடியும் முதலிலிருந்து. "பாட்ட நிறுத்தும், இல்ல எண்ணுறத நிறுத்தும்" என்று நான் சத்தம் போடுவேன். எண்ணி முடித்ததும் பேசின் தண்ணீரை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் ஊற்றுவீர். பக்கத்தில் ஊற்றினால் ஆகாதா என்று கேட்டதற்கு, "வீடு மாறிரும்லா" என்று சிரித்தீர்.

அப்படி ஏழு மாசம் போயிற்று. எட்டாவது மாசம் கார்த்திகை. உம் நோட்டில் அதற்கு நவம்பர் என்று பெயர்.

பிசானப் பருவத்து நெல் நடவு மும்முரமாக இருந்த நேரம். நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தேன். உம்முடைய போன் வந்தது. நெஞ்சில் வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்ததாகச் சொன்னீர். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, பத்துச் செடி மட்டும் கொண்டுவந்து தாறீங்களா? மாசம் விட்டுப்போயிரக் கூடாது" என்றீர். நீர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலைக்கு வந்த பெண்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாற்றங்காலிலிருந்து நேரே குளத்துக்குப் போனேன். நீர் நின்ற பத்து இடமும் எனக்குத் தெரியும். நல்ல செடியாகப் பார்த்து, ஒரு வேர் அறுந்துவிடாமல் பைய எடுத்தேன். எடுத்த ஒவ்வொன்றையும், காலையிலிருந்து நாற்றுக்குச் செய்த அதே மாதிரி, தண்ணீரில் நாலு அடி அடித்து அலசினேன். அழுக்கும் சேறும் போய் வேர் பளபளவென்று வந்தது. பிறகு நார் போட்டு, நாற்றுக்கட்டு மாதிரி முடி முடியாகக் கட்டினேன். நாற்றுமுடி அவ்வளவு சுத்தமாகக் கட்டுகிறவன் எங்கள் பக்கத்தில் என்னை விட்டால் கிடையாது. நாற்பது வருஷப் பழக்கம். மூளையைக் கேட்காமலே கை அதன் வேலையைச் செய்துவிட்டது.

உரச்சாக்கில் வைத்து பஸ் ஏறினேன். சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். அமலை என்றேன்.

"அமலையா? அத அள்ளி எங்கன கொண்டு போடன்னு ஊரே முழிச்சிக்கிட்டுக் கெடக்கு. நீரு டிக்கெட் எடுத்துக் கொண்டுபோறீராக்கும்!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

உம் வீட்டுக்காரம்மா, டீச்சரம்மா, கதவைத் திறந்தார்கள். நீர் சாய்வு நாற்காலியில், போர்வைக்குள், பாதியாகத் தேய்ந்துபோய் இருந்தீர். பேசின் தயாராக முன்னால் இருந்தது. முடியை அவிழ்த்து முதல் செடியை உதறினீர். தண்ணீர் தெளிவாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. பூதக்கண்ணாடியை எடுத்தீர். பத்தாவது செடியையும் உதறி முடித்தபோது, பேசினில் ஒரே ஒரு நத்தை கிடந்தது. அதுவும் தண்டுக்கும் இலைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு தப்பித்தது.

நீர் என்னை நிமிர்ந்து பார்த்தீர். "அண்ணாச்சி, அலசினீங்களா?"

"பின்ன? ஆஸ்பத்திரிலருந்து வந்த மனுசனுக்குச் சேத்தோடயா கொண்டுட்டு வருவாவ?"

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் அலசி விட்டது சேற்றை மட்டும் இல்லை, குடியிருந்த எல்லோரையும்தான். நீர் சிரிக்க ஆரம்பித்தீர். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, டீச்சரம்மா ஓடிவந்து முதுகைத் தடவும்படி ஆயிற்று. நானும் கூடச் சிரித்தேன். சிரித்தேனே தவிர, உள்ளே எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

மறுபடி போய் எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். எல்லா இடத்தையும் நான் கலக்கிவிட்டு வந்ததால் இந்த மாசத்துக்கு அது ஆகாது என்று நீர் சொல்லிவிட்டீர். "அப்ப போன மாசக் கணக்கையே போட்டுரும் வே, யாரு வந்து பாக்கப்போறா?" என்றேன். தலையை ஆட்டினீர். "சரி, சைபராவது போடும்" என்றேன்.

அதற்கு நீர் சொன்னது: "குளத்துல இல்லன்னா சைபர் போடலாம் அண்ணாச்சி. நாம பாக்கலன்னா சைபர் போடக் கூடாது. ரெண்டும் வேற."

நோட்டில் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டீர். வெள்ளையாக. சைபர் போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். அந்த வெள்ளைப் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது.

அடுத்த மாசத்திலிருந்து நீர் கரையில், நான் தண்ணீரில். இடம் மாறிற்று. அப்போதுதான் உம்முடைய வலைப்பையைக் கையில் வாங்கினேன். பழைய கொசுவலையில் டீச்சரம்மா தைத்துக் கொடுத்த பை. செடியைத் தொடும் முன்னே, அடியில் பையை விரித்து வேரை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் செடியைத் தூக்க வேண்டும். ஏழு மாசம் நீர் அதைச் செய்திருக்கிறீர். நான் கரையில் வெற்றிலைதான் போட்டிருக்கிறேன். "பையத் தூக்குங்க அண்ணாச்சி, உள்ள ஆளு இருக்கு" என்று மருத மரத்தடியிலிருந்து சத்தம் வரும். பங்குனியோடு எண்ணி முடித்தோம். அடுத்த கார்த்திகைக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம், அது வேறு வருஷம்தான், ஆனாலும் மற்ற மாசங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றீர். ஆவணியில் போய்விட்டீர்.

புரட்டாசியில் எங்கள் சங்கம் கூடியது. பிசானத்துக்கு முன்னால் எந்திரம் கொண்டுவந்து அமலையை மொத்தமாக அள்ளிவிடுவது என்று முடிவு. வருஷக்கணக்காக அதற்காக நாயாக அலைந்தவன் நான்தான். அன்றைக்கு நானே எழுந்து, கீழ்மூலையில் ஒரு துண்டை மட்டும் கார்த்திகை வரைக்கும் விட்டுவையுங்கள் என்று கேட்டேன்.

"செத்துப்போனவருக்கு அமலை வளக்கீராக்கும்" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா வே, வளக்கேன்" என்றேன். கடைசியில் அந்தத் துண்டை விட்டுவைக்க ஒத்துக்கொண்டார்கள். அந்த மூலை மடைக்கு எட்டாத இடம். மூங்கில் நட்டு, கயிறு கட்டி, காற்றில் மிதந்து போய்விடாமல் இரண்டு மாசம் காவல் காத்தேன். மற்றதை அள்ளும்போது, எந்திரத்துக்காரத் தம்பியிடம் கெஞ்சி, குவியலை ஒரு பகல் தண்ணீர் ஓரத்திலேயே போட்டுவைக்கச் சொன்னேன். உள்ளே இருக்கிறவர்கள் இறங்கிப் போகட்டும் என்று. எனக்குப் பைத்தியம் என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டியிருப்பான். ஆனால் சாயங்காலம் அவனே குனிந்து பார்த்து, "தாத்தா, வரிசையாப் போகுது பாருங்க" என்றான்.

போன வாரம் உம் வீட்டுக்குப் போனேன். கேட்பதற்கு முன்னாலேயே டீச்சரம்மா பேசினையும் வலைப்பையையும் நோட்டையும் எடுத்து வந்தார்கள். "நீங்க வருவீங்கன்னு அவுக சொல்லியிருந்தாக" என்றார்கள். நோட்டை வாங்கி வந்தேனே தவிர, அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. முதலில் எண்ணிவிட்டு வருகிறேன் என்று உமக்கும் எனக்கும் சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

இன்றைக்குக் காலையில் இறங்கினேன். பத்து இடம் இப்போது இல்லை. அந்த ஒரு துண்டில் பத்துச் செடி. முதலில் பை, பிறகு செடி. கண் சரியாகத் தெரியாமல் பூதக்கண்ணாடியோடு மல்லுக்கட்டினேன். பாட்டுப் பாடவில்லை, இருந்தும் இரண்டு தடவை கணக்கு விட்டுப்போயிற்று. நத்தை இருந்தது. கூனி இருந்தது. சுளித்த முகத்தோடு தட்டான் பிள்ளை ஒன்று பேசினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்த்தது. எல்லோரையும் எடுத்த இடத்திலேயே விட்டேன்.

எழுதுவதற்காக நோட்டைத் திறந்தேன். அந்தக் கார்த்திகைப் பக்கம் வெள்ளையாக இல்லை. நடுவில், உம்முடைய சிறிய கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. எப்போது எழுதினீர் என்று தெரியவில்லை.

"இந்த மாதம் பார்க்கவில்லை. வலைப்பையைப் பற்றிச் சொல்ல மறந்தது என் தவறு. செடி கொண்டுவந்தவர் ஒரு வேரும் அறாமல் கொண்டுவந்தார்."

கரையில் உட்கார்ந்து அழுதேன், வே. வெட்கப்படவில்லை. மன்னிப்பு என்று நான் கேட்க வைத்திருந்ததற்கு, கேட்கும் முன்னேயே நீர் பதில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்.

அந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, கார்த்திகை என்றே தலைப்புப் போட்டு, இன்றைக்குப் பார்த்ததை மட்டும் எழுதினேன். நாளைக்கு அந்த மூலையையும் அள்ளச் சொல்லிவிட்டேன். நீர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்.

வீட்டுக்கு வரும் வழியில் நாற்றங்காலில் ஒரு கை நாற்றுப் பறித்தேன். பறித்து, அலசப் போனவன், கையை நிறுத்தி வேரைத் தூக்கிப் பார்த்தேன். வரப்பிலிருந்து வேலைக்காரப் பெண் ஒருத்தி, "நாத்துல என்ன அண்ணாச்சி தேடுதீய?" என்று கேட்டாள்.

"ஆளு இருக்கான்னு பாக்கேன்" என்றேன். பார்த்துவிட்டுத்தான் அலசினேன்.